அம்மா பிடுங்கிய பிளக்

அரிமளத்தில் அம்மாவை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அடைக்கலமேரி என்ற பெயர் ஆதார் அட்டையிலும் பங்குக் கோயில் பதிவேட்டிலும் மட்டும் இருந்தது. இருபது வருடம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தாள். படிக்க ஆள் வராமல் போனதும், நாற்பத்தேழு வயதில் போட்டோஷாப் கற்றுக்கொண்டாள்.

வீட்டு முன்னறையில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலை. அம்மா, வேலைக்கு வரும் பரிமளா அக்கா, இனியா என மூன்று பேர், மூன்று கணினி. மாப்பிள்ளையைச் சிவப்பாக்கிக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால் அம்மா மறுத்துவிடுவாள்.

"பொண்ணு பாத்துத்தானே சம்மதிச்சிச்சு? அப்புறம் நான் எதுக்கு சுண்ணாம்பு அடிக்கணும்?"

மூன்று கணினிக்கும் பொதுவாக ஒரு சேமிப்புப் பெட்டி. பத்து வருடத்துக்கு முன் நான் வாங்கி நெட்வொர்க்கில் இணைத்தது. உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதிவாகும். பெங்களூரில் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். இடியை நான் யோசிக்கவில்லை.

தூரத்தில் உறுமினாலே அம்மா எழுந்துவிடுவாள். டிவி, செட்டாப் பாக்ஸ், பெட்டி என எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் உட்காருவாள். ஓடும் டிஸ்கை அப்படி நிறுத்தக் கூடாது, முதலில் பொத்தானை அமுக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை சொன்னேன். அக்டோபரில் கடைசியாகப் பேசியதும் அதைப் பற்றித்தான்.

"ஒரு நாள் அந்த டிஸ்க் போகத்தான் போகுது. அன்னைக்கு என்னைக் கூப்பிடாத."

"சரி ஆத்தா, கூப்பிடல."

அதற்குப் பதினோராம் நாள் அம்மா மாரடைப்பில் போய்விட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தேன். கோயிலிலிருந்து வீடு திரும்பியதும் பரிமளா அக்கா வாசலிலேயே சொன்னார்.

"அன்பு, பெட்டி வேலை செய்யலம்மா. போன வாரம் இடி இடிச்சுச்சு. டீச்சர் செய்யிற மாதிரியே எல்லாத்தையும் புடுங்குனேன். திரும்ப மாட்டுனா டிக்கு டிக்குனு சத்தம் மட்டும் வருது."

உள்ளே ரிஃபாய் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கீரமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். அம்மா இறப்பதற்கு முந்தைய வாரம், சுமையா என்ற பெண்ணின் நிக்காஹ் படங்களைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, கேமரா கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். படங்கள் வேறெங்கும் இல்லை.

"பெட்டிக்குள்ள போயிருச்சுன்னா பேங்க் லாக்கர்ல வச்ச மாதிரின்னு டீச்சர் சொல்லுவாங்க."

"இப்ப லாக்கரே படுத்துருச்சு" என்றார் பரிமளா அக்கா. யாரும் சிரிக்கவில்லை. இந்தப் படங்கள் போனால் இனி எந்த போட்டோகிராபரும் இங்கே வேலை கொடுக்கமாட்டார். அக்காவுக்கும் இனியாவுக்கும் இருப்பது இந்த ஒரு வேலை.

பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரிந்தது. டிக். நின்றது. மறுபடி டிக். செத்த டிஸ்கில் இந்தச் சத்தத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொன்னேனே அம்மா, கேட்டாயா என்று மனதுக்குள் திட்டினேன். முப்பதாம் நாள் பூசை முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒரு டிஸ்கைக் கழற்றி, என் வேலைப் பையில் எப்போதும் இருக்கும் கருவியில் பொருத்தி லேப்டாப்பில் இணைத்தேன். எதுவும் எழுதாமல் படிக்க மட்டும். டிக் சத்தமே இல்லை. சீராகச் சுழன்றது. அம்மா பெயர் வைத்த கோப்புறைகள் வரிசையாக வந்தன. 'திருமயம் கோவக்கார மாமனார்.' 'பொண்ணு சிரிக்கவே இல்லை.' 'சுமையா, அக்கா தங்கச்சி ஒரே சாயல்.'

திறந்தேன். எல்லாப் படமும் இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ரிஃபாய் அண்ணன். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

டிஸ்க் நன்றாக இருந்தால் கோளாறு எங்கே? பெட்டியின் அடாப்டரைத் திருப்பிப் படித்தேன். ஒரு ஆம்பியர். இரண்டு டிஸ்க் சுழல அது போதாது. நான் வாங்கியது ஐந்து ஆம்பியர். தேடினால் அது செட்டாப் பாக்ஸில் மாட்டியிருந்தது. அதன் முனையில் சிவப்பு நகப்பூச்சு. அம்மா நகத்தில் பூச்சு போட்டு நான் பார்த்ததில்லை.

"இந்த அடையாளம் எதுக்குன்னு தெரியாதா அக்கா?"

"ஏதோ கறைன்னுல்ல நெனச்சேன்! இடின்னா எங்களைத் தொடவே விடமாட்டாங்க. 'நீ வேலையப் பாரு'ன்னு அவங்களேதான் எந்திரிப்பாங்க. ரெண்டும் ஒரே கறுப்பு. டிவி வேற நல்லா ஓடுச்சா... நான்தான் மாத்தி மாட்டிட்டேன்." அழத் தொடங்கினார்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். அதையும் எடுத்துப் பார்த்தேன். திடீரென மின்சாரம் நின்றது: இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. பழுதான இடம்: பூஜ்யம்.

சிலது மின்வெட்டாக இருக்கும். மீதி அம்மா எழுந்து நடந்தது.

அவளிடம் சொல்லவேண்டும் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு வைத்தேன்.

டிஸ்கைத் திரும்பப் பொருத்தி, நகப்பூச்சு அடாப்டரை மாட்டினேன். பெட்டி எழுந்தது. சுமையாவின் படங்களை நகலெடுத்து ரிஃபாய் அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன்.

நான்கு மணிக்குத் தெற்கே உறுமியது. பரிமளா அக்காவின் கை பிளக் வரை போய் நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். பொத்தானை அமுக்கி, விளக்கு அணையும்வரை நின்றேன். பிறகு பிளக்கைப் பிடுங்கினேன்.

"நீங்க வேலையப் பாருங்க அக்கா."

"பெட்டிய அணைச்சுப்புட்டு எந்த வேலையப் பாக்குறதாம்?" என்றார். அம்மாவிடமும் ஒவ்வொரு இடிக்கும் இதையேதான் கேட்பாராம்.