கட்டிப்போட்ட பாயிண்டர்

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய வருஷங்களில், மைசூரில் அவர்கள் விட்டுப்போன நாற்காலிகளை வாங்க ஆள் இருந்தது, நாய்களுக்கு இல்லை. நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு துரைசாணி, தன் பாயிண்டர் நாயை என் கையில் கொடுத்துவிட்டாள். வேட்டை ஜாதி, தினமும் நாக்குத் தொங்கும்வரை ஓடவிடு, இல்லாவிட்டால் பேயாகிவிடும் என்று சொல்லித்தான் ரயில் ஏறினாள். டியூட்டிக்கு முன் மைதானத்தில் அது ஓடும். பின்னால் நான், மூச்சு வாங்க. வந்ததும் காது மடலைப் புரட்டி உண்ணி எடுப்பேன். ராகிக் களியில் எலும்புச் சாறு ஊற்றி வைப்பேன்.

ஒருநாள் விளையாட்டு மும்முரத்தில் அதன் பல், எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரரின் சின்ன மகள் கையைக் கீறிவிட்டது. ஊரெங்கும் வெறிநாய்ப் பயம். கடித்த நாயைக் கொல்லாமல் கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரிப் பாடம். அப்படியே கட்டினேன். யார் என்ன சொன்னாலும் இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

ஆனால் ஓடப் பிறந்ததைக் கட்டினால் சும்மா இருக்குமா? கயிற்றைக் கடித்தது, ஊளையிட்டது, வாயில் நுரை தள்ளியது. களியைத் தொடவில்லை, தண்ணீர்ச் சட்டியை உதைத்துக் கவிழ்த்தது. வெறிக்கு நான் படித்த அறிகுறிகள் அத்தனையும் கண்ணெதிரே நின்றன. வெறி என்றால் அந்தக் குழந்தைக்கு வயிற்றைச் சுற்றி ஊசி. வீட்டுக்காரர் நகரசபையில் சொல்லிவிட்டு வந்தார். காலையில் துப்பாக்கியோடு ஆள் வருவான் என்றார்.

விடிந்ததும், துரைசாணி சொன்ன பேய்தானா இது என்று பார்க்கக் கயிற்றை அவிழ்த்தேன். என் கணவர் வாசலை மறித்தார்.

"நீ நர்ஸா, இல்ல நாய்க்கு அம்மாவா? கடிச்சா என்ன பண்ணுவே?"

"கடிச்சா எனக்கும் ஊசி. வழி விடுங்க."

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஓடினேன். தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. அது இழுத்த இழுப்பில் செருப்பு போயிற்று, உள்ளங்கை உரிந்தது. மைதானத்தை எத்தனை சுற்று சுற்றினோமோ, சனியனே ஓடு ஓடு என்று திட்டிக்கொண்டே ஓடினேன். கடைசியில் அதன் நாக்குத் தொங்கியது.

திரும்பி வந்தபோது முற்றத்தில் துப்பாக்கிக்காரன் நின்றிருந்தான். வெறி பிடித்த நாய்க்குத் தொண்டை அடைத்துவிடும், ஒரு மிடறு இறங்காது என்று அவனுக்கும் தெரியும். சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மோந்து பார்த்தது. குடிக்கவில்லை. திரும்பி, ரத்தம் கசிந்த என் உள்ளங்கையை நக்கியது.

"கையை எடுடி," என்றார் கணவர்.

நான் எடுக்கவில்லை. அது ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டியில் வாயை வைத்தது. சளக் சளக்கென்று குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. துப்பாக்கி தாழ்ந்தது. வீட்டுக்காரர் மனைவி மகளை இறுக்கிக்கொண்டு அழுதாள். நான் உரிந்த கையால் இன்னொரு சொம்பு ஊற்றினேன்.