சத்தமாக ஓர் உத்தரவு

எழுபதுகளின் கடைசியில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, வேலை பார்த்தேன். முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்களுக்கு உதவும் குழு ஒன்று என்னிடம் கம்பளிகளைக் கொடுத்தனுப்பியிருந்தது. அப்படித்தான் ஒரு முன்னாள் ராணுவ வீரரின் வீட்டுக்குப் போனேன். மீசை நரைத்திருந்தும் முதுகு வளையாத மனிதர். பொத்தான் போன சட்டையில்கூட இஸ்திரி மடிப்பு கலையவில்லை.

கம்பளியை நீட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"தர்மம் வாங்குற ஆள் நான் இல்ல கிராணி. ஆர்டர் போடுங்க, எடுத்துக்கிறேன்."

"சரி, எடுத்துக்குங்க."

"இதுவா ஆர்டர்? கோலா தெர்லா ஊரு வரைக்கும் கேக்கணும்லா!"

"கம்பளியை எடு!" என்று கத்தினேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தின் கதவுகளெல்லாம் திறந்தன. அத்தனை பேரும் பார்க்க, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து வாங்கிக்கொண்டார்.

அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தார். "அப்படியே குளிக்கச் சொல்லியும் ஒரு ஆர்டர் போடுங்கய்யா. ஞாயித்துக்கிழமைலேருந்து மேல தண்ணி படல."

"அது வீட்டு விவகாரம். கிராணிக்கு அதிகாரம் கிடையாது," என்றார் அவர்.

பிறகு கொல்லையில் விளைந்த கோஸ் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "ஐயோ, வேணாங்க," என்றேன்.

"எடு!" என்று உறுமினார். துப்பாக்கியைத் தொட்டே அறியாத நான், குதிகால்களைச் சேர்த்து நின்று வாங்கிக்கொண்டேன்.

லயத்து முனையில் திரும்பும்போது தண்ணீர் ஊற்றும் சத்தமும், குளிர் தாங்காத ஒரு ராணுவ வீரரின் அலறலும் கேட்டன. அந்த உத்தரவைப் போட்ட குரல் மட்டும் யார் காதிலும் விழவில்லை.