சவுண்டுக்காரன் பூட்டிய வீடு

எங்கள் பேருந்து நிலையத்துக்கு வந்த யாரும் என் தங்கையின் குரலைக் கேட்காமல் பஸ் ஏறியிருக்க முடியாது. "ஆறாவது நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்று அவள் சொன்னால், மூட்டை முடிச்சோடு ஓடுகிறவன்கூட ஒரு நொடி நின்று கேட்டுவிட்டுத்தான் ஓடுவான். அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டுகிறவள் நான். டிப்போவில் எனக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். ஒரே வயிற்றில் பிறந்தோம், அவள் தொண்டையில் தேனும் என் தொண்டையில் தகரமும் வைத்து அனுப்பிவிட்டான் ஆண்டவன்.

அவள் வாயில்லாப் பூச்சி. ஊருக்கே அறிவிப்பு சொல்கிறவளை இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். மைக் முன்னால் உட்கார்ந்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும். கீழே இறங்கினால் கடைக்காரனிடம் சில்லறை கேட்கவும் என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு நான்தான் எல்லாம். அவளைக் கரை சேர்த்துவிட்டால் போதும் என்று இருந்தேன். நல்ல கரை பார்த்தேன், போங்கள்!

அவன் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொள்கிறவன். சவுண்டு என்றால் எல்லாருக்கும் தெரியும். மெதுவாகப் பேசுவான், குனிந்த தலை நிமிர மாட்டான், என்னைக் கண்டால் "அக்கா, சாப்டீங்களா?" என்பான். நானே முன்னால் நின்று கல்யாணத்தை முடித்தேன். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதைதான்.

கல்யாணம் ஆனதும் அவன் செய்த முதல் காரியம், அவள் குரலைப் பதிவு செய்தது. எண்கள், ஊர்ப் பெயர்கள், "புறப்படும்", "தாமதமாகும்" எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்ல வைத்து கம்ப்யூட்டரில் ஏற்றினான். அது தானாகவே கோத்துச் சொல்லும். மேலதிகாரிகளுக்கு ஏக சந்தோஷம். அவளுக்கு வேலை போயிற்று. "உன் குரல் வேலைக்குப் போகுது, நீ வீட்ல ராணி மாதிரி இரு" என்றானாம். அவளும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

பிறகு வீட்டுக்குள் டப்பா வந்தது. சொன்னால் கேட்கும் டப்பா. விளக்கு, மின்விசிறி, அடுப்பு, தண்ணீர் மோட்டார், கதவுப் பூட்டு என்று எதெதற்கு மின்சாரம் போகிறதோ அதற்கெல்லாம் ஒரு புது ப்ளக்கை மாட்டி டப்பாவோடு சேர்த்தான். நான் போனபோது பெருமையாகக் காட்டினான். "விளக்கைப் போடு" என்றான், எரிந்தது. என் தங்கையும் ஆசையாக "விளக்கை அணை" என்றாள். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்றது டப்பா. ஊரையே ஏற்றி இறக்கிய குரலுக்கு அந்த வீட்டில் ஒரு பல்பு அணையவில்லை.

"என் குரலுக்கு மட்டும்தான் கேக்கும், அக்கா. பாதுகாப்பு" என்றான்.

"சுவத்துல ஸ்விட்சு இருந்துச்சே?"

"அதெல்லாம் எடுத்தாச்சு. அசிங்கமா இருந்துச்சு."

எங்கிருந்தாலும் செல்போனிலேயே வீட்டை ஆட்டிவைப்பான். அவள் யாரோடு பேசுகிறாள் என்று டப்பா வழியாகக் கேட்பான். பதில் பிடிக்கவில்லை என்றால் அடுப்பு பாதிச் சமையலில் அணையும், மின்விசிறி நிற்கும், அவள் செல்போன் சார்ஜ் ஏறாமல் செத்துக் கிடக்கும். ஒருநாள் அவள் இஸ்திரிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஆறிக் கிடந்த பெட்டியை நிலையத்திலிருந்தே சூடேற்றியிருக்கிறான். உள்ளங்கைத் தோல் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் அலறியதற்கு டப்பாவுக்குள்ளிருந்து, "பாத்துத் துடைக்க வேணாமா?" என்று கேட்டானாம். நேரில் அடிப்பது தனிக் கணக்கு. அதை வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்வான், வயரால்.

அந்தக் கையைப் பார்த்த அன்று எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நடைமேடையிலேயே அவன் சட்டையைப் பிடித்து என் வண்டியின் முகப்பில் மோதினேன். மூக்கில் ரத்தம் வந்தது. "குடும்ப விஷயம் அக்கா, நீங்க தலையிடாதீங்க" என்று மெதுவாகவே சொன்னான் பாவி. மறுநாள் தங்கை யாருடைய போனிலிருந்தோ அழைத்தாள். "அக்கா, நீ அவரை அடிச்சா அது எனக்குத்தான் விழுது. உன் கால்ல விழறேன், வராதே." அதற்கப்புறம் கதவு எனக்குத் திறக்கவில்லை. போலீஸில் சொன்னேன். வந்தார்கள். டப்பா கேட்டுக்கொண்டிருக்கையில் அவள் என்ன சொல்வாள்? "எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே சொல்லி அனுப்பினாள்.

நான் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் தலைக்கு மேலே அவள் குரல். "மூன்றாவது நடைமேடை... புறப்படும்." சிரித்த குரல், கல்யாணத்துக்கு முந்தைய குரல். பல நாள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதிருக்கிறேன். உள்ளே அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதற்கு அந்தக் குரல் சாட்சி இல்லையே.

அன்றைக்கு மதிய வண்டி. பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ சோப்பு விளம்பரம் முடிந்தது. விளம்பரத்தை அவன் தன் செல்போனிலிருந்து வயர் போட்டு ஓட்டுவான். முடிந்ததும் வெளியே போகும் சத்தத்தை இறக்கிவிட்டு, காதில் ஹெட்போனோடு வீட்டை ஒட்டுக்கேட்பது வழக்கமாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று இறக்க மறந்துவிட்டான். எதிரே மைக்கும் திறந்தே இருந்தது. மைக் ஊளையிடும் என்பதால் அவன் அறைக்குள் மட்டும் ஒலிபெருக்கி கிடையாது. கண்ணாடியை மூடி ஏசி போட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு வெளியே என்ன கேட்கிறது என்று தெரியாது.

நிலையம் முழுக்க ஒரு குரல் வந்தது.

"என்னங்க... மோட்டாரை மட்டும் போடுங்க. தண்ணி இல்லைங்க. நேத்துலேர்ந்து இல்லைங்க."

கிழிந்த குரல். யாரோ நாடகம் போடுகிறார்கள் என்று நினைத்து சிலர் சிரித்தார்கள்.

"நாக்கு வறண்டாதான்டி உனக்கு புத்தி வரும்."

"கை வீங்கிருக்குங்க. எலும்பு வெளிய தெரியுது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஜன்னல் வழியா யாரைக் கூப்பிட்ட? பொய் சொல்லாதே, எனக்குக் கேட்டுச்சு. வரேன் இரு. இன்னைக்கு அந்தத் தொண்டையை அறுத்துடறேன். எனக்கு உன் குரல் இங்க இருக்கு, நீ எதுக்கு?"

அதே நேரத்தில் கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்தது. "ஐந்தாவது நடைமேடையில் நிற்கும் வண்டி..." இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. என் கண்டக்டர் கையில் டிக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா... ரெண்டும் ஒரே ஆள்க்கா."

சீட்டுக்கு அடியில் கிடந்த, டயர் கழற்றும் இரும்பு லீவரை எடுத்தேன். நான் ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே கண்டக்டர், பழக்காரம்மா, சுமை தூக்குகிறவர்கள், யாரென்றே தெரியாத பயணிகள். அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் லீவரை இறக்கினேன். மொத்தமும் அவன்மேல் கொட்டியது. திரும்பினான். "அக்கா..." என்றான். அடுத்த வார்த்தைக்கு அவன் வாயில் முன்பல் இல்லை.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். அன்று நிலையமே உதவியது. பழக்காரம்மா தராசுத் தட்டால் அவன் மண்டையில் போட்டாள். சுமை தூக்குகிறவன் ஒருவன் அவன் விரல்களை மேசையில் வைத்து மிதித்தான். மைக் திறந்திருந்ததால் ஒவ்வோர் அடியும் நடைமேடைகளில் விழுந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஆனால் செத்துவிட்டால் கதவு?

"எல்லாரும் தள்ளுங்க! இவன் செத்தா கதவு திறக்காது!" என்று கத்தினேன். ஹாரன் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? விலகினார்கள். அவன் பிடரியைப் பிடித்து முகத்தை செல்போனுக்கு முன்னால் அழுத்தினேன்.

"சொல்லுடா. கதவைத் திறக்கச் சொல்லு."

அவன் ரத்தம் துப்பினான். "அது... என் வீடு."

லீவரை அவன் முழங்கால் மேல் இறக்கினேன். அலறினான். பிறகு சொன்னான், வாய் குழறியதால் இரண்டாவது தடவைதான் டப்பா ஏற்றுக்கொண்டது. "கதவு திறக்கப்பட்டது. இனிய நாளாக அமையட்டும்" என்று நிலையம் முழுக்க இனிமையாகச் சொன்னது. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள்.

நான் அதே செல்போனில் வாயை வைத்து, "வெளிய வாடி! கதவு திறந்தாச்சு, ஓடி வா!" என்றேன். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

அவனைப் போலீஸ் வரும்வரை பிடித்துவைக்கச் சொல்லிவிட்டு, கண்டக்டரின் பைக்கில் ஏறினேன். லீவரைக் கீழே போடத் தோன்றவில்லை.

இரண்டாவது மாடி. கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். பாதி முடி பிடுங்கப்பட்ட தலை. இடது கை மடியில் கோணலாகக் கிடந்தது. கழுத்தில் வயர் தடம். என்னைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"ஏண்டி, திறந்துதானே இருக்கு? கத்தினேனே, கேட்கலையா?"

"கேட்டுச்சு." உதடு மட்டும்தான் அசைந்தது. "போன வாரமும் இப்படித்தான்க்கா தானா திறந்துச்சு. அப்பவும் போலாம்னு டப்பா சொல்லிச்சு. வெளிய கால் வெச்சேன். மாடிப்படியில நின்னுக்கிட்டு இருந்தார்."

"அவன் இல்லடி இப்ப. அவன் முட்டியை உடைச்சது நான்தான். கேட்டியா இல்லையா அவன் அலறினதை?"

"எந்தக் குரலை வேணாலும் பேச வைப்பார்க்கா. உன் குரலையும் வைப்பார்."

"நான் முன்னால நிக்கிறேன்டி! தொட்டுப் பாரு!"

தொட்டுப் பார்த்தாள். என் கன்னம், காது, சட்டையில் இருந்த ரத்தம். தொட்ட பிறகும் அவள் கண் என்மேல் இல்லை. கதவின் மேலேயே இருந்தது. "நான் தாண்டும்போது மூடிக்கும்" என்றாள்.

டப்பாவை ஒரே அடியில் உடைத்தேன். சுவரில் இருந்த ப்ளக்குகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எறிந்தேன். தீப்பொறி பறந்தது. அவள் நகரவில்லை. எதிர்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "கொஞ்சம் சத்தம் குறைச்சா..." என்று ஆரம்பித்தார். "இத்தனை நாள் குறைச்சலாத்தானே இருந்துச்சு, நல்லாத் தூங்கினீங்க இல்ல?" என்றேன். உள்ளே போய்விட்டார்.

லீவரின் நுனியைக் கதவின் கீல் இடுக்கில் கொடுத்து முழு எடையோடு தொங்கினேன். முதல் கீல் மரத்தோடு பிய்ந்து வந்தது. நடுக்கீலுக்கு என் உள்ளங்கை கிழிந்தது. மூன்றாவதைக் கண்டக்டரும் நானும் சேர்ந்து உதைத்தோம். கதவு நிலையை விட்டுக் கழன்று, நடைபாதையில் குப்புற விழுந்தது. மாடி முழுக்க அதிர்ந்தது.

அவள் அந்தக் காலி நிலையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கீழே கிடந்த கதவின் மேல் கால் வைத்து வெளியே வந்தாள்.