தண்ணீர்ப் பானையில் தேனீக்கள்

பொழுதுபோக்கு ஒன்று வேண்டுமென்று டாக்டர் சொன்னார். புத்தகம் படிப்பது கணக்கில் வராதாம். பிரஷர் ஏறியதே அதனால்தான் என்பது என் மனைவியின் கட்சி. ஆகவே குயிலாப்பாளையத்துக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொள்ளப் போனேன். பயிற்சி கொடுத்தவர் தேங்காய் நாரைக் கொளுத்திப் பெட்டிக்குள் புகை விட்டார். அந்த வாடை என்னை மரக்காணம் உப்பளத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்பா அங்கே உப்பு வாரும் கூலியாள். ஆசைப்பட்டு ஒரு தேன்பெட்டி வாங்கி வரப்போரம் வைத்தார். கோடையில் அந்த உப்பு வெளி முழுக்க நல்ல தண்ணீர் இருந்தது ஆட்கள் குடிக்கும் பானையில் மட்டும்தான். தேனீக்கள் மொத்தமும் அதில் வந்து மொய்த்தன. கூட வேலை செய்த அத்தை, அப்பாவின் தங்கை, குடிக்கக் குனிந்தபோது உதட்டில் கொட்டு வாங்கினாள்.

"என்னாண்ணா, தேனு உனக்கு, கொட்டு எங்களுக்கா?" என்றாள்.

"ரெண்டு நாள் பொறுத்துக்கம்மா, அதுங்களுக்குத் தனியா தொட்டி வெச்சிடறேன்" என்றார் அப்பா.

மறுநாளே அத்தை பெட்டியைச் சுற்றித் தேங்காய் நாரை அடுக்கித் தேனீக்களோடு கொளுத்திவிட்டாள். எல்லோரும் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார்கள். அப்பா மட்டும் அதன்பின் அந்தப் பானையைத் தொடவில்லை. தங்கையோடு பேசவும் இல்லை. அவர் செத்த அன்றும் அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அழுதாள்.

பயிற்சிக்காரர் என் தோளைத் தட்டினார். "சார், பெட்டி வைக்கறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

எங்கள் பக்கத்து வீடு இன்றும் அத்தையுடையதுதான். "கேட்டுட்டு வர்றேங்க" என்று எழுந்தவன், அந்த வகுப்புக்குத் திரும்பவே இல்லை.