'வாங்க' என்று சொல்லி முடிப்பதற்குள்

திரைச்சீலைக் கடைக்காரருக்குத் தெருவில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே நிதானம் அண்ணன். அவர் முதுகு திரும்பினால் வெறும் ஆமை.

துணியை வெட்டுமுன் அளப்பார். டேப்பைச் சுருட்டி வைப்பார். ஏதோ சந்தேகம் வந்தவர்போல் மறுபடி பிரித்து அளப்பார். அப்புறம் கடை முழுக்கக் கத்தரிக்கோலைத் தேடுவார். அது அவர் கையிலேயே இருக்கும். ஆனால் வெட்டிய துணி ஒரு நூல் பிசகாது. பேச்சிலும் அதே நிதானம்தான். அவர் வரவேற்கிற விதத்தை அவர் மனைவி நடித்துக் காட்டுவாள்: "வா..." என்று இழுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, "...ங்க" என்று முடிப்பாள். அதற்குள் வந்தவர் வேறு கடையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டிருப்பார் என்பாள்.

அவர் கடைக்கு வெப்சைட் ஒன்று பிறந்தபோது அது அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தது. செய்து கொடுத்தவன் மனைவியின் தம்பி. படங்களை ஏற்றுவதை மட்டும் மாமா பொறுப்பில் விட்டான். அங்கேதான் தப்பு நடந்தது. ஒவ்வொரு துணியையும் இழையை எண்ணுகிற அளவுக்குப் பெரிதாகப் படமெடுத்துப் போட்டார் அவர். எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தின் நெற்றியில், தன்னுடைய வரவேற்பு வீடியோ. தலைக்கு மை அடித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலிலிருந்து கல்லா வரை நடந்து வருவார். வழியில் ஒரு திரையை ஒதுக்கிவிட்டு, எந்த ஜன்னலுக்கு எந்தத் துணி என்று ஆற அமரப் பேசுவார்.

பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று யார் சொன்னாலும் அவர் நம்பவில்லை. தினமும் கடைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பார். தட்டிய மாத்திரத்தில் அவர் முகம் அவரைப் பார்த்துச் சிரிக்கும். "ஜனங்களுக்குப் பொறுமை போச்சு" என்று ஊருக்காக வருத்தப்பட்டுக்கொள்வார்.

அப்போதுதான் அந்த போன் வந்தது. புதிதாகக் கட்டிய ஒரு விடுதியின் மேலாளராக இருக்கிற அம்மா பேசினார். எல்லா அறைக்கும் திரை வேண்டுமாம். மூன்று கடைகளின் வெப்சைட்டைப் பார்த்துவிட்டு, பிடித்த ஒரு கடையை மட்டும் கூப்பிடுவாராம். "உங்களுது காலைல வரவே இல்லைங்க. சாயங்காலம் இன்னொரு தடவ பாக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கடையில் தையல் மெஷின் உறை போட்டபடி கிடந்து வெகுநாளாகிறது. இந்த வேலையும் கைநழுவினால், கடை திறந்த நாள் முதல் தைத்துவரும் அக்காவை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான். அதை எப்படிச் சொல்வதென்று அவர் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தார். இதுவரை "அக்கா..." வரைக்கும்தான் வந்திருந்தார்.

மச்சானை வரவழைத்தார்கள். அவரோ வழக்கம்போலக் கம்ப்யூட்டரில் தட்டி, திறந்த பக்கத்தைப் பெருமையாகக் காட்டினார்.

"மாமா, கடைக்குள்ள உக்காந்துக்கிட்டு கடைக்கு வர்ற வழி ரொம்பப் பக்கம்னு சொல்றீங்க" என்றான் அவன். "இந்தக் கம்ப்யூட்டர் உங்க படத்தையெல்லாம் எப்பவோ தனக்குள்ள எடுத்து வச்சுக்கிச்சு. வெளிய வாங்க, காட்டறேன்."

பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்து, மாமாவின் போனிலேயே பக்கத்தைத் திறக்கச் சொன்னான். அந்த போனில் அவர் அதுவரை திறந்ததே இல்லை. திரை வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. ஒரு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, சில்லறைச் சண்டையும் முடிந்து கிளம்பிப் போனது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தன் கடை வாசலில் தனக்காகவே காத்து நிற்பவர்போல் நின்றார் அவர்.

"இவ்வளவு நேரம் நின்ன முதல் ஆள் நீங்கதான் மாமா" என்றான் மச்சான். வந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் வட்டத்தைப் பார்த்ததோடு திரும்பிவிட்ட கணக்கையும் தன் போனில் எடுத்துக் காட்டினான்.

"அப்போ என் வீடியோவ யாருமே பாக்கலியாடா?"

"எங்கக்கா பாத்தா."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"பாதியில எந்திரிச்சுப் போயிட்டா" என்றான் அவன்.

கடைக்குத் திரும்பி வேலையில் இறங்கினார்கள். படங்களைச் சுருக்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு துணிக்கும் அவர் வக்கீலாக நின்று வாதாடினார். மச்சான் பெரிய படத்தையும் சுருக்கிய படத்தையும் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று கேட்டான். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து, நம்பிக்கையோடு தப்பாகச் சொன்னார். அதோடு வழக்கு தள்ளுபடி. கீழே இருக்கிற படங்கள், பார்ப்பவர் கீழே போனால் மட்டும் வரும்படி செய்தாயிற்று. மிச்சம் இருந்தது வீடியோ. மச்சான் தன் அக்காவைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

கடைசியில் அவரே சொன்னார்: "எடுத்துருடா. நான் நடந்து வர்றதுக்குள்ள அந்தம்மா போயிடுவாங்க."

வாழ்நாளில் அவர் சட்டென்று எடுத்த ஒரே முடிவு அதுதான் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

பொழுது சாய்ந்ததும் போன் அடித்தது. பக்கம் உடனே வந்துவிட்டதாம். "கிழக்குப் பக்க ரூம்ல காலை வெயில் நேரா மூஞ்சில அடிக்குதுங்க. அதுக்கு எந்தத் துணி சரியா வரும்?"

அவர் எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, போனைக் காதில் வைத்தபடி வாசல்வரை போனார். அங்கிருந்து கல்லாவை நோக்கித் திரும்பி நடந்தார். வழியில் ஒரு திரையை ஒதுக்கினார். "வா...ங்க" என்று தொடங்கி அந்த வீடியோ முழுவதையும் வரி விடாமல் சொன்னார். கல்லாவுக்குப் பின்னால் மனைவி சத்தமில்லாமல் கூடவே வாயசைத்தாள். அந்தப் பக்கம் எந்த நேரமும் போனை வைத்துவிடுவார்கள் என்று மச்சான் நகத்தைக் கடித்தான்.

வைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றார் அந்த அம்மா. நாளைக்கே மாதிரித் துணிகளோடு வந்து ஜன்னல்களை அளந்துகொள்ளச் சொல்லிவிட்டு வைத்தார்.

மெதுவாகச் சொல்லுங்கள் என்று அவரிடம் ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. அந்த மிதப்பு குறையாமல் அவர் தையல் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா..."

மிச்சத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் உறையைக் கழற்றி, ஊசியில் நூலும் கோத்திருந்தாள்.