வெள்ளைப் பக்கம்

வைஃபையை அணைத்துவிட்டு, கண்ணாடி வெடித்த ஒரு பழைய போனில் தான் செய்த பக்கத்தைத் திறந்து, அது வரும்வரை ஜெஸ்லா வாய்விட்டு எண்ணுவாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." ஏழுக்குள் வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பாள். தாண்டினால் உச்சுக்கொட்டிவிட்டு மறுபடி எழுதத் தொடங்குவாள். அலுவிகாரையில் என் போட்டோகொப்பிக் கடையை ஒட்டி, பலகைத் தடுப்புக்கு அப்பால் இருக்கிறது அவள் இணையத்தளம் செய்யும் அறை. எட்டு வருடமாக அந்த எண்ணிக்கை எனக்குக் கேட்கிறது.

முப்பத்தைந்து வயதிருக்கும். பிளேன்டீயை முழுதாக ஆறவிட்டுத்தான் குடிப்பாள். வேலை கொடுக்க வருபவர்கள், "தமிழ்லயா சிங்களத்துலயா செய்வீங்க?" என்று கேட்பார்கள்.

"ரெண்டுலயும். அதுக்குக் கீழ இன்னொரு பாஷை இரிக்கு, பி.எச்.பி. அது கம்பியூட்டருக்கு."

கொழும்பில் வேலை பார்த்துவிட்டு வந்த தம்பி பவாஸுக்கு அது கேலி.

"ராத்தா, அது கிழவங்க பாஷை. ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதுங்க, பக்கம் பறக்கும்."

"பறந்து எங்கடா போய் எறங்கும்?"

போன வருடம் லக்கல விவசாயிகள் சங்கம் ஒரு பக்கம் கேட்டது. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று காவல் இருப்பவர்கள் ஜெஸ்லாவின் அறைக்கு அழைத்துச் சொல்வார்கள்; அங்கிருந்து அது பக்கத்தில் ஏறும். மற்றவர்கள் அதைப் போனில் பார்த்துவிட்டு, காடு வெட்டிப் பயிரிட்ட சேனைக்கு இறங்குவார்கள். அந்த ஒருமுறை ஜெஸ்லா தம்பியின் பேச்சைக் கேட்டாள். அவனுடைய புதுப் போனில் இரண்டு எண்ணுவதற்குள் பக்கம் வந்தது. பழைய போனை அன்று அவள் எடுக்கவில்லை.

அவன் சொன்னபடி எழுதிய விதத்தில், பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதும் பார்ப்பவரின் போனுக்குப் போகிறது. லக்கலவின் சிக்னலில், மலிவான போன்களில், அந்த வேலை முடியவில்லை. திரையில் வெறும் வெள்ளை நின்றது.

பக்கம் ஓடத் தொடங்கிய நாலாம் நாள், முத்துவீரன் என்ற விவசாயியின் மனைவி சுந்தரம்மா ஆஸ்பத்திரிச் சீட்டுக்குக் கொப்பி எடுக்க என் கடைக்கு வந்தார்.

"காலையில போனைப் பாத்தாருங்க. வெள்ளையா இருந்துச்சு. ஆனை நின்னா எழுதியிருப்பாங்கதானேன்னு சேனைக்குப் போனாரு. மிதிச்சிருச்சு. இப்ப காலை எடுக்கணுங்கிறாங்க."

பலகைக்கு அப்பால் கீபோர்டுச் சத்தம் நின்றது. ஜெஸ்லா வெளியே வந்தாள்.

"அது நான் செஞ்ச பக்கம்மா."

சுந்தரம்மா சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார். "நீங்க என்ன எழுதுனீங்களோ தெரியாது புள்ள. நாங்க ஆனை இல்லைன்னு வாசிச்சிட்டோம்."

அன்று பிற்பகலே பி.எச்.பி.யில் திரும்ப எழுத உட்கார்ந்தாள். அதில் பக்கம் தளம் இருக்கும் கணினியிலேயே தயாராகிவிடும். போனுக்கு எழுத்து மட்டும் போகும்.

பக்கம் இப்போது அந்த மொழியில்தான் ஓடுகிறது. முத்துவீரன் ஒற்றைக் காலோடு வீட்டில் இருக்கிறார். இன்று காலை லக்கலவிலிருந்து யாரும் அழைக்கவில்லை. பவாஸ் 'யானை இல்லை' என்று தட்டிவைத்தான். ஜெஸ்லா அதை அழித்துவிட்டு, 'இன்னும் தகவல் வரவில்லை' என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினாள்.