முதுகில் ஒரு கொக்கி

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் சிங்காரவேல் உட்காருவார். சித்திரை வெயிலானாலும் சரி. முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டு, குவார்ட்டர்ஸின் பின்பக்க ஜன்னலோரம் பலகையைப் போடுவார். பலகைமேல் ஒரு எனாமல் தட்டு, தட்டின்மேல் நனைத்துப் பிழிந்த துண்டு. அதில் கடுகைவிடச் சற்றே பெரிதான கம்பி வளையங்களைக் கொட்டுவார். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அவை உருளாமல் கிடக்கும். நெற்றியில் பூதக்கண்ணாடி வைத்த பட்டை, கைக்கொன்றாக இரண்டு மூக்குக் குறடு. அதற்குப் பிறகு மனிதரிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. தும்மல் வந்தால்கூட எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்த் தும்மிவிட்டு வருவார்.

"குந்திக்கினா குந்திக்கினதுதான். வூட்ல ஒரு மனுசி இருக்கான்ற நெனப்பே கெடையாது" என்பது அவர் மனைவி காந்திமதியின் நிரந்தரப் புகார். தோசை மாவிலும் தலைமுடியிலும் ஏன் ஒருமுறை சொத்தைப் பல்லின் குழியிலும்கூட வளையம் கண்டெடுத்தவர் அவர். புகார் நியாயமானதுதான்.

சிங்காரவேல் செய்வது சட்டை. மனிதர்களுக்கு அல்ல, பொம்மைகளுக்கு. வெளிநாட்டு வீரர்கள் அந்தக் காலத்தில் வாள்வெட்டுக்குத் தப்பிக்கப் போட்டுக்கொண்டார்களே இரும்பு வளையச் சட்டை, அதை ஒரு சாண் உயரப் பொம்மைக்கு ஏற்றபடி வளையம் வளையமாகக் கோத்துக் கொடுப்பார். பொம்மை என்றால் குழந்தைகள் விளையாடுவது இல்லை. வளர்ந்த ஆட்கள் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி அழகு பார்ப்பது. சென்னையில் வேலை பார்க்கும் மகள் சங்கீதா, அலுவலகத் தோழி ஒருத்தியின் பொம்மையை ஒருநாள் எடுத்துவந்து, "இதுக்கு நெசமான சட்டை போட முடியுமாப்பா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். அப்பா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது படம் எடுத்துப் போடுவதும் ஆர்டர் பிடிப்பதும் மகள். கோப்பது மட்டும் இவர். வாங்குகிறவர்களில் ஒருவர் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. பொம்மையையே அனுப்பிவைத்து அளவெடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு.

மந்தாரக்குப்பம் சைக்கிள் கடையில் வாங்கிய ஆரக்கம்பியில் மெல்லிய கம்பியை நெருக்கிச் சுற்றி, சுருளை உருவி, வெட்டினால் வளையம். அதைக் குறட்டால் பிடித்து இழுத்துத் திறக்கக் கூடாது. பக்கவாட்டில் முறுக்கித் திறக்க வேண்டும். ஒரு வளையம் நாலு வளையத்துக்குள் நுழைந்து மூடிக்கொள்ளும். அவருக்குப் பெருமை, மூடிய இடம் தெரியாததில்தான். பொம்மையின் உடம்பிலேயே வைத்துக் கோத்து, கடைசி வரிசையை முதுகில் சேர்த்துவிடுவார். சட்டை உடம்போடு பிறந்த மாதிரி நிற்கும். "எங்கேர்ந்து ஆரம்பிச்சேன், எங்க முடிச்சேன்னு எவனாச்சும் காட்டட்டும், பாக்கலாம்" என்பார். அடக்கமான மனிதர்தான், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அடக்கம் போய்விடும்.

இந்த வேலையால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் கண் தானாக அளவெடுத்துவிடும். கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்தவருக்கு அக்குளில் எத்தனை வளையம் கூட வைக்க வேண்டும், யூனியன் கூட்டத்தில் பேசுகிறவருக்கு வயிற்றுப் பக்கம் எப்படி விரிக்க வேண்டும் என்று உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கணக்குக்கு அடங்காத ஒரே ஆள் மருதமுத்து. தென்காசிப் பக்கத்து மனிதர், பக்கத்து குவார்ட்டர்ஸ். நெய்வேலி மைன்ஸில் இருவரும் பெல்ட் ஜாயின்ட் போடும் ஒரே கேங். நிலக்கரி சுமந்து ஓடும் பெல்ட்டுக்குள் இரும்பு வடங்கள் உண்டு. அறுந்த பெல்ட்டைச் சேர்க்கும்போது இந்தப் பக்கத்து வடத்தையும் அந்தப் பக்கத்து வடத்தையும் மாற்றி மாற்றிப் படுக்கவைத்து, ரப்பர் போட்டு, சூடான அழுத்தப் பலகைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். இந்தப் பக்கம் சிங்காரவேல், அந்தப் பக்கம் மருதமுத்து. சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். கதவு நிலையை அடைக்கிற தோள் மருதமுத்துவுக்கு. நெய்வேலிக்கு வந்து தலை நரைத்த பிறகும் பேச்சு மட்டும் தென்காசியை விட்டு வரவில்லை.

"ஏ வேலு, பொம்மைக்கெல்லாம் தைக்க. எனக்கொண்ணு தைச்சித் தாயேன். ஃபோர்மேன் ஏசுதது உள்ள எறங்காம இருக்கும்லா."

"உன் தோளுக்குக் கோத்துக்கினு இருந்தா நான் ரிட்டயர்டே ஆயிடுவேன்" என்பார் சிங்காரவேல்.

அந்த மருதமுத்துவுக்குத்தான் காமாலை என்று ஆரம்பித்தது. மருந்துக்கு அடங்கவில்லை. ஈரல் கெட்டுவிட்டது என்று பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்வை நேரத்தில் சிங்காரவேல் போனார். இடுப்புவரை போர்வை, மேலே சட்டையில்லாத உடம்பு, அதில் ஒட்டவைத்த ஒயர்கள். காறை எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. சிங்காரவேலின் கண் தன் பாட்டில் அளவெடுத்தது. இந்தத் தோளுக்கானால் சீக்கிரமே முடித்துவிடலாம் என்று சொன்னது. அந்தக் கண்ணைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போல இருந்தது அவருக்கு. பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் குடிக்காமல் கையிலேயே ஆறவிட்டுக் கீழே ஊற்றினார்.

மாற்றுத் துணி எடுக்க ஒருநாள் வீட்டுக்கு வந்தபோதுதான் மருதமுத்துவின் மனைவி இசக்கியம்மாள் சிங்காரவேல் வீட்டு ஜன்னலோரத்தில் அந்தத் தட்டைப் பார்த்தார். ஏதோ ஒரு வெளிநாட்டு வீரனுக்குக் கோத்து, இனிப் பொம்மைமேல் வைத்து முதுகைச் சேர்க்க வேண்டிய சட்டை அதில் வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. இசக்கியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அதை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"முருகனுக்கா அண்ணாச்சி?"

பொம்மைக்கு என்று சொல்ல சிங்காரவேலுக்கு வாய் வரவில்லை. அலமாரியில் நிற்கும் பொம்மையும் பூஜை மாடத்தில் நிற்கும் முருகனும் ஒரே உயரம்தானே. கவசத்தைப் பார்த்தால் நம் ஊர்ப் பெண்ணுக்குச் சாமிதான் நினைவுக்கு வரும். இசக்கியம்மாளே தொடர்ந்து, தன் வீட்டு முருகனுக்கும் ஒன்று செய்து தரும்படி கேட்டார். அவுக எழுந்து உட்கார்ந்தால் கவசம் சாத்துவதாக வேண்டியிருந்தாராம். இப்போது உட்காரும்வரை பொறுக்க வேண்டாம், முன்னாலேயே சாத்திவிடலாம் என்று தோன்றுகிறதாம்.

சிங்காரவேல் லீவு போட்டார். கையிலிருந்த ஆர்டரை ஓரம் கட்டினார். மகள் போனில் கோபித்துக்கொண்டாள். ஆரக்கம்பி தடிமன் என்று தையல் ஊசியில் கம்பியைச் சுற்றினார். அவர் வாழ்நாளில் அவ்வளவு சின்ன வளையம் வெட்டியதில்லை. அவர் கோயில் குளம் என்று அலைகிறவர் அல்ல. பங்குனி உத்திரத்துக்கு வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குக் காந்திமதி கூப்பிட்டால் போவார், அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் யாரும் சொல்லாமலே மீன் குழம்பை ஒதுக்கினார். தினமும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பலகைமுன் உட்கார்ந்தார். காந்திமதி இதையெல்லாம் கவனித்தார், கேலி செய்யவில்லை.

பித்தளை முருகன் வேலோடு சேர்த்து வார்க்கப்பட்டவர். தலைவழியாகச் சட்டை இறங்காது. வழக்கம்போல உடம்பிலேயே வைத்துக் கோத்து, முதுகில் சேர்த்து, மூடிய இடம் தெரியாமல் முடித்தார். இசக்கியம்மாள் வந்து வாங்கிக்கொண்டார். மாடத்தில் நிறுத்தி, கற்பூரம் காட்டி, சிங்காரவேல் நெற்றியில் விபூதியைத் தானே பூசிவிட்டு மறுபடி பாண்டிச்சேரி பஸ் ஏறினார். அதற்கடுத்த நாட்களில் மருதமுத்து கொஞ்சம் கஞ்சி குடித்ததாகச் செய்தி வந்தது. சிங்காரவேல் மைன்ஸில் எல்லோரிடமும் அதைச் சொன்னார்.

கிருத்திகை அன்று இசக்கியம்மாள் காலையில் வந்து, அபிஷேகம் முடித்துவிட்டு மதியமே திரும்பிவிட்டார். இரவுச் சாப்பாட்டின்போது காந்திமதி பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "கவசத்த எப்பிடிக் கழட்டறதுன்னு தெரியாம பாலை மேலயே ஊத்திட்டுதாம் பாவம். உள்ள போச்சோ இல்லியோன்னு மனசு கேக்கலன்னுது."

சிங்காரவேலின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பொம்மை குளிக்காது. முருகன் குளிப்பார். நாள் தவறாமல் தான் குளித்துவிட்டு உட்கார்ந்த மனிதருக்கு, சாமியும் குளிக்கும் என்பது தோன்றவே இல்லை. பொம்மைக்குச் செய்கிற மாதிரியே முருகனைச் சட்டைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

மறுநாளே போய் முதுகுப் பக்கம் பிரித்து ஒரு கொக்கி வைத்துவிட நினைத்தார். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. சாவி இசக்கியம்மாளிடம். போன் செய்து இதற்காக வரச்சொல்ல முடியுமா? அடுத்த முறை வரும்போது ஆகட்டும் என்று குறட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் இருட்டில் மாடம்கூடத் தெரியவில்லை. அடுத்த முறை இசக்கியம்மாள் வந்தது ஆம்புலன்ஸில், மருதமுத்துவின் உடலோடு.

அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சிங்காரவேலுக்குத் தெரியும். யார் கேட்டாலும் ஈரல் கெட்டுவிட்டது என்றுதான் சொல்வார். ஆனால் ஜாயின்ட் போடும்போது எதிர்ப்பக்கத்தில் புதிதாக வந்த காண்ட்ராக்ட் ஆள் வடத்தைப் பிடித்து நிற்கையில், அந்தப் பூட்டிய சட்டை நினைவுக்கு வந்துவிடும். இதைக் காந்திமதியிடம்கூட அவர் சொன்னதில்லை.

இசக்கியம்மாள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு தென்காசிக்குத் தம்பி வீட்டோடு போகிற நாளும் வந்தது. வாசலில் லாரி நின்றது. பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு துண்டில் முருகனைச் சுற்றி எடுத்துக்கொண்டு சிங்காரவேல் வீட்டுக்கு வந்தார்.

"இதைக் கழத்தித் தாங்க அண்ணாச்சி."

சிங்காரவேல் எதிர்பார்த்த தீர்ப்பு இதுதான். குறட்டை எடுத்தார். "தப்பு என்னுதும்மா. பின்னால ஒரு தொறப்பு வெச்சிருக்கணும். சாமிக்கு மூச்சு முட்டற மாதிரி பண்ணிட்டேன்" என்றார்.

"அய்யோ, அதுக்கு இல்ல." இசக்கியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவுகளச் சட்டை இல்லாமத்தான் கொண்டுவந்தாக. பாத்தீகல்லா. இவருக்கு மட்டும் எதுக்கு?"

சிங்காரவேல் அழுதார். இசக்கியம்மாள் அழவில்லை, லாரிக்காரரிடம் பொறுக்கும்படி கையைக் காட்டிவிட்டுப் பலகையருகே உட்கார்ந்துகொண்டார். முதுகில் எங்கே மூடினோம் என்று சிங்காரவேலுக்கே உடனே தெரியவில்லை. தடவித் தடவிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு வளையமாகத் திறந்தார். வளையங்களுக்குள் பால் காய்ந்து வெள்ளையாகக் கட்டியிருந்தது. சட்டை கழன்று வந்தபோது உள்ளே முருகனின் மார்பு பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. சிங்காரவேல் முருகனோடு எழுந்து தோட்டத்துக் குழாயடிக்குப் போனார். புளியைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, வெறும் மேனியாகக் கொண்டுவந்து கொடுத்தார். இசக்கியம்மாள் முருகனை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் முன் இருக்கையில் ஏறினார். சட்டையை எடுத்துக்கொள்ளவில்லை.

அது இப்போது ஜன்னலோர ஆணியில் தொங்குகிறது. அதே அளவுக்கு ஆர்டர் வந்தபோது, அதையே அனுப்பிவிட்டால் என்ன என்று சங்கீதா கேட்டாள். அவர் புதிதாகக் கம்பி சுற்ற ஆரம்பித்தார்.

வேலை பழையபடிதான் நடக்கிறது. மின்விசிறி நிற்கிறது, துண்டு நனைகிறது, காந்திமதி வைகிறார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. எந்தப் பொம்மைக்குச் சட்டை கோத்தாலும் முதுகில் நீளமாக ஒரு திறப்பு விட்டு, கம்பியில் வளைத்த ஒரு கொக்கி வைத்துவிடுகிறார். கொக்கி கண்ணில் படுகிறது, முன்பு செய்ததுபோல மூடித் தாருங்கள் என்று வாங்குகிறவர்கள் எழுதுகிறார்களாம். பொம்மைச் சட்டையை யார் கழற்றப்போகிறார்கள் என்று மகள் சண்டை போடுகிறாள். "இருக்கட்டும்மா" என்கிறார். மூடிய இடம் தெரியாமல் முடிப்பதைப் பற்றி அவர் யாரிடமும் சவால் விடுவதில்லை.

பார்சல் கட்டுகிற நாளில் காந்திமதி அந்த அறைப் பக்கம் வருவதில்லை. சிங்காரவேல் கொக்கியை விடுவித்து, அந்த வெளிநாட்டு வீரனின் சட்டையைக் கழற்றுகிறார். ஈரத் துண்டின் முனையை விரலில் சுற்றி, பிளாஸ்டிக் மார்பையும் முதுகையும் மெல்லத் துடைக்கிறார். துடைத்த வீரனை ஜன்னல் விளிம்பில் வெயில் படும்படி நிறுத்துகிறார். ஈரம் காயும்வரை, சட்டையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார்.